ரோபோ அறுவை சிகிச்சையால் யாருக்கு என்ன பயன்? தலைமாட்டிலிருந்து ஒரு பதில்

"உறவினர் ஒருவருக்கு புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். ரோபோ உதவியுடன் அகற்றலாம் என்கிறார் மருத்துவர். இதனால் நோயாளிக்கு என்ன நன்மை? மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் என்ன நன்மை? இல்லை, எல்லாம் விளம்பரம்தானா?" என்பது கேள்வி.

கடைசியில் எட்டிப்பார்க்கும் சந்தேகம் நியாயமானது. நான் அறுவை நிபுணர் அல்லன். மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவன். இந்த இயந்திரத்தை வாங்குவதிலோ விற்பதிலோ எனக்குப் பங்கில்லை. அறுவை நடக்கும் நேரம் முழுவதும் நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து அவருடைய மூச்சையும் நாடித்துடிப்பையும் கவனித்துக்கொண்டு, ஓரக்கண்ணால் மற்ற எல்லாரையும் பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை. வயிற்றைத் திறந்து செய்யும் அறுவை, சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபி, ரோபோ மூன்றையும் அந்த நாற்காலியிலிருந்து பார்த்திருக்கிறேன். அங்கிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பெயர். ரோபோ அறுவை என்றதும், இயந்திரம் தானே தேடி, வெட்டி, தைத்து முடித்துவிடும் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். மயக்கம் கொடுப்பதற்குச் சற்று முன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர் பக்கத்தில் இருப்பாரா, மெஷின் மட்டும்தானா?" என்று கேட்டவர்கள் உண்டு. வயிற்றறை அறுவைகளுக்கு இன்று பயன்படும் இயந்திரங்கள் தாமாக ஒரு தையல்கூடப் போடுவதில்லை. அறுவை நிபுணர் சில அடி தள்ளி ஒரு கன்சோலில் உட்கார்ந்து, நெற்றியைப் பதித்து, உள்ளே தெரியும் படத்தைப் பார்த்தபடி இரு கை விரல்களாலும் கைப்பிடிகளை அசைக்கிறார். நோயாளியின் மேல் கவிந்து நிற்கும் வண்டியிலுள்ள கைகள் அந்த அசைவை அப்படியே உள்ளே செய்கின்றன. அவர் தலையை எடுத்தால் கைகள் அசையாமல் நின்றுவிடும். நோயாளிகளிடம் நான் சொல்வது இவ்வளவுதான்: "வெட்டுவதும் தைப்பதும் உங்கள் டாக்டர்தான், நீளமான, நடுங்காத கை ஒன்றை மாட்டிக்கொண்டு செய்கிறார்."

இந்தக் கை எங்கிருந்து வந்தது என்பது சுவையான கதை. 1985இல், தொழிற்சாலை வேலைக்கென்று செய்யப்பட்ட பியூமா என்னும் இயந்திரக் கையைக் கொண்டு, மூளையிலிருந்து திசு எடுக்கும் ஊசிக்கு வழிகாட்டினார்கள். பிறகு அமெரிக்கப் படைத்துறைக்கு ஓர் ஆசை: போர்க்களத்தில் காயம்பட்டவருக்கு, பாதுகாப்பான தூரத்தில் இருக்கும் மருத்துவர் அறுவை செய்ய முடியுமா? அந்த ஆராய்ச்சியின் வழியில் வந்ததுதான் டா வின்சி இயந்திரம். 2000ஆம் ஆண்டு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதைப் பொது லேப்ராஸ்கோபி அறுவைகளுக்கு அனுமதித்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஜாக் மாரெஸ்கோ என்ற பிரெஞ்சு நிபுணர் நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் இருந்த நோயாளியின் பித்தப்பையை ஸியூஸ் என்ற வேறோர் இயந்திரத்தால் அகற்றிக் காட்டினார். ஆனாலும் தொலைதூர அறுவை அன்றாட வழக்கமாகிவிடவில்லை. கடல் கடக்க வேண்டும் என்று கனவு கண்ட இயந்திரம் பெரும்பாலும் பத்தடி தூரத்தில், அதே அறைக்குள்ளேயே வேலை பார்க்கிறது. பயன் இருப்பதும் அந்தப் பத்தடியில்தான்.

அது புரிய லேப்ராஸ்கோபியின் கஷ்டத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கார்பன்டைஆக்சைடு வாயுவால் உப்ப வைத்து, கேமராவையும் நீண்ட கருவிகளையும் நுழைத்துச் செய்வது அது. துளைதான் அச்சு. எனவே கை இடப்பக்கம் போனால் கருவியின் முனை வலப்பக்கம் போகும். கை மேலே போனால் முனை கீழே இறங்கும். முனைக்கு மணிக்கட்டு கிடையாது. பல அரங்குகளில் படம் தட்டையாகத் தெரியும். ஆழத்தை அனுபவத்தால் ஊகிக்க வேண்டும். கேமராவைப் பிடித்திருப்பவர் ஒரு மணி நேரத்தில் சோர்ந்துபோவார், படம் மெல்லச் சாயும், "நேராகப் பிடி" என்று அதட்டல் வரும். இத்தனையையும் மீறி அற்புதமாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஆழமான குறுகிய இடத்தில் நுட்பமாகத் தைக்க வேண்டும் என்றால் அவர்களுக்கும் வியர்க்கும்.

ரோபோ இந்தச் சிக்கல்களை ஒவ்வொன்றாக அவிழ்க்கிறது. கருவியின் முனையில் மணிக்கட்டு போன்ற மூட்டு இருக்கிறது. கை போகும் திசையிலேயே முனையும் போகிறது. விரல்கள் மூன்று சென்டிமீட்டர் நகர்ந்தால் முனை ஒரு சென்டிமீட்டர் மட்டும் நகரும்படி அமைத்துக்கொள்ளலாம். கையின் இயல்பான நடுக்கம் வடிகட்டப்படுகிறது. படம் முப்பரிமாணத்தில், பலமடங்கு பெரிதாகத் தெரிகிறது. கேமராவையும் அறுவை நிபுணரே மிதிகட்டையால் தன் வசம் வாங்கி நகர்த்துகிறார், ஆகவே படம் சாய்வதில்லை.

ஒன்று மட்டும் குறைகிறது: தொடு உணர்வு. நூலை எவ்வளவு இறுக்குகிறோம் என்று விரலுக்குத் தெரியாது. புதிதாகப் பழகுகிறவர்கள் பட்பட்டென்று நூலை அறுத்துவிடுவார்கள். பழகியவர்கள் கண்ணாலேயே தொடப் பழகிவிடுகிறார்கள். திசு வெளுக்கும் விதம், நூல் விறைக்கும் விதம் ஆகியவற்றிலிருந்து அழுத்தத்தைப் படித்துக்கொள்கிறார்கள். 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டா வின்சி 5இல் இழுவிசையை விரலுக்கு ஓரளவு உணர்த்தும் கருவிகள் வந்திருக்கின்றன.

இனி நோயாளியின் பக்கம். விளம்பரம் ஏமாற்றும் இடம் இது. "ரத்த இழப்பு குறைவு, வலி குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம்" என்று அச்சிட்டிருப்பார்கள். எதோடு ஒப்பிட்டுக் குறைவு? வயிற்றை நீளமாகத் திறந்து செய்யும் அறுவையோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் உண்மை. ஆனால் அந்த நன்மைகளில் பாதிக்கு மேல் சிறு துளை வழியாகச் செய்வதால் வருபவை. நல்ல லேப்ராஸ்கோபியிலும் அவை கிடைக்கும். ரோபோவின் தனிப் பங்கு என்ன என்பது வேறு கேள்வி.

உங்கள் உறவினரின் விஷயத்துக்கே வருகிறேன். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில், புரோஸ்டேட் புற்றுநோய் உள்ள 326 ஆண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் திறந்த அறுவையும் மறு பாதிக்கு ரோபோ அறுவையும் செய்ய ஏற்பாடு செய்து ஒப்பிட்டார்கள். முதல் முடிவுகள் 2016இல் வந்தன. ரத்த இழப்பு சராசரியாகத் திறந்த அறுவையில் சுமார் 1,340 மில்லிலிட்டர், ரோபோவில் சுமார் 440. மருத்துவமனையில் தங்கிய காலம் மூன்று நாட்களுக்குச் சற்று மேல் என்பதிலிருந்து ஒன்றரை நாளாகக் குறைந்தது. தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கு முதல் எண் மிகப் பெரிய செய்தி. ஒன்றேகால் லிட்டருக்கு மேல் ரத்தம் இழந்த வயதான இதய நோயாளிக்கும் அரை லிட்டருக்கும் குறைவாக இழந்தவருக்கும் இடையே, அன்றிரவு நான் நிம்மதியாகத் தூங்குவதற்கும் தூங்காததற்குமான வேறுபாடு இருக்கிறது.

ஆனால் அதே ஆய்வை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்தபோது, ஆண்கள் உண்மையில் கவலைப்படும் இரண்டு விஷயங்களில், அதாவது சிறுநீரைக் கட்டுப்படுத்தும் திறனிலும் பாலுறவுத் திறனிலும், இரு தரப்பினரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். "ரோபோ செய்தால் நரம்புகள் கட்டாயம் தப்பிவிடும்" என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம். புரோஸ்டேட்டின் இரு பக்கமும் ஒட்டிக்கொண்டு போகும் நரம்புக் கற்றைகளைக் காப்பாற்றுவது, கட்டி எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்பதையும் நிபுணரின் கையையும் பொறுத்தது. இயந்திரம் அந்தக் கைக்கு நல்ல கண்ணாடி போட்டுவிடுகிறது, அவ்வளவுதான்.

ரோபோவுக்கே உரிய வலிமை தெரியும் இடம், சுரப்பியை எடுத்த பின் சிறுநீர்ப்பையின் வாயையும் சிறுநீர்த்தாரையையும் சுற்றிலும் தைத்து இணைக்கும் கட்டம். இடுப்பெலும்புக்குப் பின்னால், கிணற்றின் அடியில் ஊசி கோப்பது போன்ற வேலை. லேப்ராஸ்கோபியில் இதைச் செய்யக் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் பிடிக்கும். கைதேர்ந்தவர்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்க மாட்டார்கள். மணிக்கட்டுள்ள கருவி வந்த பிறகு பலரால் அது முடிகிறது. பல நாடுகளில் புரோஸ்டேட் அறுவை இவ்வளவு வேகமாக ரோபோவுக்கு மாறியதற்குக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. மிகத் திறமையான சிலருக்குக் கிடைத்த நன்மையைவிட, நன்றாகச் செய்யும் பலருக்குக் கிடைத்த நன்மை பெரிது.

சிறுநீரகத்தில் கட்டியை மட்டும் வெட்டியெடுத்து மீதியைக் காப்பாற்றும் அறுவையும் அப்படிப்பட்டது. அங்கே கடிகாரம் ஓடும். ரத்தம் பீறிடாமல் இருக்கச் சிறுநீரகத் தமனியைக் கிடுக்கியால் அடைத்துவிட்டுத்தான் பெரும்பாலும் வெட்டுவார்கள். அடைத்த கணத்திலிருந்து சிறுநீரகம் ரத்தமில்லாமல் கிடக்கிறது. 25, 30 நிமிடங்களுக்குள் கட்டியை எடுத்து, குழியைத் தைத்து, கிடுக்கியைத் திறந்துவிடப் பார்ப்பார்கள். "அடைத்தாயிற்று" என்ற குரல் கேட்டதும் செவிலியர் நேரத்தைச் சத்தமாகச் சொல்லத் தொடங்குவார். அந்தச் சில நிமிடங்களில் அரங்கில் யாரும் பேச மாட்டார்கள். ஊசி எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் திரும்பும் கருவி கையில் இருப்பது அப்போது உண்மையான வரம். பச்சை ஒளிரும் சாயம் ஒன்றை நான் ரத்தக்குழாயில் செலுத்தினால், சிறப்பு ஒளியில் எந்தப் பகுதிக்கு ரத்தம் போகிறது, எதற்குப் போகவில்லை என்பதும் திரையில் தெரியும். குடலை வெட்டி இணைக்கும்போது, இணைக்கும் முனைகள் உயிரோட்டத்துடன் இருக்கின்றனவா என்று பார்க்கவும் இதே சாயம்தான்.

மலக்குடல் புற்றுநோயில் கதை கொஞ்சம் வளைந்து செல்கிறது. 2017இல் வெளியான, பத்து நாடுகளில் 471 நோயாளிகளிடம் செய்த ஆய்வு, ரோபோவை லேப்ராஸ்கோபியோடு ஒப்பிட்டது. நடுவில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தவர்கள் ரோபோவில் 8.1 சதவீதம், லேப்ராஸ்கோபியில் 12.2 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் புள்ளியியல்படி அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம் என்றே முடிந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்துச் சீனாவில் பதினொரு மருத்துவமனைகளில், ஆயிரத்துக்கும் மேற்பட்டோரிடம், மலக்குடலின் நடுவிலும் அடியிலும் உள்ள கட்டிகளை மட்டும் எடுத்துக்கொண்டு செய்த ஆய்வில் ரோபோ தெளிவாக முன்னால் வந்தது. முதல் முப்பது நாட்களின் சிக்கல்கள் 23.1 சதவீதத்திலிருந்து 16.2 சதவீதமாகக் குறைந்தன. இயந்திரத்தில் நன்றாகக் கை பழகியவர்கள், இடம் உண்மையிலேயே குறுகலாக இருக்கும் அறுவையைச் செய்தால் பயன் வெளிப்படுகிறது என்று நான் இதைப் படிக்கிறேன்.

சிறுநீர்ப்பையை முழுதாக அகற்றுவது பெரிய அறுவை. நோயாளிகள் பெரும்பாலும் முதியவர்கள். பிரிட்டனில் 338 பேரிடம் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், முதல் 90 நாட்களில் வீட்டில் உயிருடன் கழித்த நாட்கள் ரோபோ தரப்பில் 82, திறந்த அறுவைத் தரப்பில் 80. இரண்டே நாள்தானா என்று தோன்றும். ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைப்பது 8.3 சதவீதத்திலிருந்து 1.9 ஆகவும், காயத்தில் வரும் சிக்கல்கள் 16 சதவீதத்திலிருந்து 5.6 ஆகவும் குறைந்ததைப் பார்த்தால்தான் விஷயம் புரியும். சீக்கிரம் எழுந்து நடந்தவருக்குக் காலில் ரத்தம் உறையும் ஆபத்து குறைவு.

தொண்டையின் அடிப்பகுதிக் கட்டிகளுக்குத் தாடையைப் பிளந்து போன காலம் ஒன்று இருந்தது. பொருத்தமான கட்டிகளை இப்போது வாய் வழியாகவே ரோபோக் கருவியை நுழைத்து எடுக்கிறார்கள். அந்தத் தழும்பைத் தாங்கி வாழ்ந்தவர்களைப் பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. மூட்டு மாற்று அறுவையில் பயன்படும் ரோபோ முற்றிலும் வேறு வகை. அங்கே எலும்பை எங்கே வெட்ட வேண்டும் என்ற எல்லையை இயந்திரம் காக்கும். அதை இந்தப் பதிலுக்குள் இழுக்கவில்லை.

ரோபோ தேவையே இல்லாத இடங்களும் இருக்கின்றன. சிக்கலில்லாத பித்தப்பை அறுவை லேப்ராஸ்கோபியில் அழகாக நடக்கிறது. அதற்கு ரோபோவை இழுத்து வருவது எனக்குப் புரிவதில்லை. சிறுநீரகத்தை முழுவதுமாக அகற்றும் அறுவையில், 2003 முதல் 2015 வரையிலான அமெரிக்க மருத்துவமனைப் பதிவுகளைப் பார்த்தபோது, நான்கு மணி நேரத்துக்கு மேல் நீண்டவை ரோபோவில் 46 சதவீதம், லேப்ராஸ்கோபியில் 26 சதவீதம்; பெரிய சிக்கல்களில் வேறுபாடில்லை, செலவு மட்டும் கூடுதல். இதைவிடக் கசப்பான பாடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் கிடைத்தது. 2018இல் வெளியான ஆய்வு, திறந்த அறுவையைத் துளை வழி அறுவையோடு (பெரும்பாலும் லேப்ராஸ்கோபி, கொஞ்சம் ரோபோ) ஒப்பிட்டது. நாலரை ஆண்டுகளில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் திறந்த அறுவையில் 96.5 சதவீதம், துளை வழியில் 86 மட்டுமே. சிறிய தழும்புக்குப் பெரிய விலை. அடுத்த ஆண்டே அமெரிக்க மருந்து நிர்வாகம், புற்றுநோய் அறுவைகளில் ரோபோவைப் பயன்படுத்துவது பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. எனவே எந்த உறுப்பு, எந்த நோய், எதோடு ஒப்பீடு என்று கேட்காமல் "ரோபோ நல்லதா?" என்று மட்டும் கேட்டால் பதில் கிடைக்காது.

இனி குழுவின் பக்கம். இதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. என் நாற்காலியிலிருந்து நன்றாகத் தெரிவதும் இதுதான்.

திறந்த அறுவையில், இடுப்புக்குழியின் ஆழத்தில் என்ன நடக்கிறது என்பது அறுவை நிபுணருக்கும், எதிரே நிற்கும் உதவியாளருக்கு ஓரளவும் மட்டுமே தெரியும். மற்றவர்களுக்கு அவர்களுடைய முதுகுதான் தெரியும். ரத்தம் எவ்வளவு போகிறது என்பதை நான் உறிஞ்சு பாட்டிலைப் பார்த்தும், பஞ்சுத் துணிகளை எண்ணியும், உண்மையைச் சொன்னால் நிபுணரின் குரல் மாறுவதைக் கேட்டும் கணித்துக்கொண்டிருந்தேன். திரை வந்த பிறகு அவர் பார்ப்பதை அறையில் உள்ள அனைவரும் பார்க்கிறோம். ஒரு ரத்தக்குழாய் கிழிந்து ரத்தம் குமிழியிட்டால், இரத்த அழுத்தம் இறங்கும்வரை நான் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த நொடியே கை மருந்துத் தட்டுக்குப் போய்விடுகிறது. செவிலியர் அடுத்து என்ன கருவி கேட்கப்படும் என்று முன்கூட்டியே எடுத்து வைக்கிறார். லேப்ராஸ்கோபியிலும் திரை உண்டு. ஆனால் ரோபோவில் படம் நிலையாக நிற்பதால், கூடவே நின்று தொடர முடிகிறது.

இரண்டாவது, பேச்சு. பழைய அரங்கில் நிபுணர் கையை நீட்டுவார், செவிலியர் கருவியை வைப்பார், ஒரு சொல் தேவைப்படாது. ரோபோவில் நிபுணர் கன்சோலுக்குள் முகத்தைப் புதைத்திருக்கிறார்; யார் என்ன செய்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது, அவர் முகம் நமக்குத் தெரியாது. எல்லாவற்றையும் வாயால் சொல்லியாக வேண்டும், ஒலிபெருக்கி வழியாக. "ஊசி உள்ளே வருகிறது." "ஊசி கண்டேன், பிடித்துவிட்டேன்." "ஊசி வெளியே." "ஊசி வெளியே வந்தது, எண்ணிக்கை சரி." முதல் சில வாரங்கள் இது எல்லாருக்கும் எரிச்சலாக இருந்தது. இளம் செவிலியர்களுக்கு மூத்த நிபுணரிடம் குரலை உயர்த்திப் பேசவே கூச்சம். ஆனால் கொஞ்ச நாளில் ஒன்று நடந்தது: கருவி வாங்கப் பேசத் தொடங்கியவர்கள், தவறைச் சுட்டிக்காட்டவும் பேசத் தொடங்கினார்கள். "சார், நான்காவது கை நோயாளியின் காலை அழுத்துகிறது" என்று ஒரு பயிற்சிச் செவிலியர் தயங்காமல் சொல்லி, அறுவை நிறுத்தப்பட்டு, கை நகர்த்தப்பட்டதை நான் பார்த்தேன். பழைய அமைதியில் அவர் அதைச் சொல்லியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம். எந்த விற்பனைத் தாளிலும் இந்தப் பயன் அச்சாகியிருக்காது.

அறுவை நிபுணரின் உடலுக்கும் பயன் உண்டு. வட அமெரிக்காவில் முந்நூறுக்கும் மேற்பட்ட லேப்ராஸ்கோபி நிபுணர்களிடம் கேட்டபோது 87 சதவீதம் பேர் கழுத்து, தோள், கை என்று ஏதாவதொரு உபாதையைச் சொன்னார்கள். பருமனான நோயாளியின் தடித்த வயிற்றுச் சுவரை எதிர்த்து மணிக்கணக்கில் கருவியை நெம்பிக்கொண்டு நிற்பது மல்யுத்தம்தான். ரோபோவில் அந்த நெம்பலை இயந்திரம் வாங்கிக்கொள்கிறது. நாளின் மூன்றாவது நோயாளிக்கும் முதல் நோயாளிக்குக் கிடைத்த அதே கை கிடைக்கிறது. கன்சோலுக்கும் தனக்கென்று கழுத்துவலி உண்டு. நாற்காலி உயரத்தைச் சரிசெய்யாமல் உட்காருகிறவர்கள் அதை அனுபவிக்கிறார்கள். நோயாளியின் அருகே நிற்கும் உதவி மருத்துவருக்கோ எந்த வசதியும் இல்லை. இயந்திரக் கைகளுக்கு நடுவே வளைந்து நின்று, உறிஞ்சுகுழாயைப் பிடித்துக்கொண்டு, அவ்வப்போது முழங்கையில் ஓர் இடியும் வாங்கிக்கொள்கிறார். குழுவில் மிகக் குறைவாகப் பாராட்டப்படுபவர் அவர்தான்.

எனக்கும் வேலை கூடியிருக்கிறது, குறையவில்லை. புரோஸ்டேட் அறுவையில் மேசையைத் தலைப்பக்கம் 25, 30 பாகை சரித்து மணிக்கணக்கில் வைத்திருப்பார்கள். குடல் மேலே ஒதுங்கி இடம் கிடைப்பதற்காக. நுரையீரல் நெரிபடும், வாயுவின் கார்பன்டைஆக்சைடு ரத்தத்தில் ஏறும், கண்ணின் அழுத்தம் உயரும், முகம் உப்பும். க்ளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் உள்ளவர்களும் இதயம் பலவீனமானவர்களும் இதை முன்பே சொல்லிவிட வேண்டும். ஒருமுறை விழித்தெழுந்த நோயாளியின் வீங்கிய முகத்தைப் பார்த்து அவர் மகள் அழுதுவிட்டார். சில மணி நேரத்தில் வீக்கம் வடிந்தது. அன்றிலிருந்து குடும்பத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. கருவிகள் உள்ளே இருக்கும்போது நோயாளி இருமினால்கூட உறுப்பு கிழியலாம் என்பதால், தசைத்தளர்வு மருந்தை அளவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கைகள் கவிந்த பிறகு நோயாளியை எளிதில் நெருங்க முடியாது. ஊசிவழிகள் எல்லாம் முன்பே தயாராக இருக்க வேண்டும்.

அதனால்தான் ஒத்திகை. இதயம் நின்றாலோ பெரிய ரத்தக்குழாய் கிழிந்தாலோ கருவிகளை உருவி, கைகளைக் கழற்றி, வண்டியைப் பின்னுக்கு இழுத்து, நோயாளியை எங்களிடம் ஒப்படைக்க வேண்டும். யார் எந்தக் கையைக் கழற்றுவது, யார் வண்டியை இழுப்பது, யார் மேசையைச் சமப்படுத்துவது என்று பெயர் சொல்லிப் பிரித்து, நேரம் பார்த்துப் பழகிய குழு ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடும். பழகாத குழுவில் மூன்று பேர் ஒரே கையைப் பிடித்து இழுப்பார்கள். இந்த ஒத்திகையின் பழக்கம், ரோபோ இல்லாத அறைகளின் நெருக்கடிகளிலும் கைகொடுக்கிறது.

ஆள் மாறாத குழுவும் முக்கியம். தொடக்கத்தில் கைகளுக்கு உறை போட்டு, வண்டியை நிறுத்தி, இணைப்பதற்கே நெடுநேரம் ஆகும். அதே ஆட்கள் தொடர்ந்து செய்தால் அந்த நேரம் சில நிமிடங்களாகச் சுருங்கும். மாதத்துக்கு மாதம் ஆட்களை மாற்றும் நிர்வாகம் இயந்திரத்துக்குக் கொடுத்த பணத்தைத் தானே வீணாக்குகிறது. கருவிகளைச் சுத்திகரிக்கும் பிரிவையும் மறந்துவிடக் கூடாது. அந்த மணிக்கட்டு மூட்டுக்குள் மெல்லிய கம்பிகளும் கப்பிகளும் இருக்கின்றன. அவற்றின் இடுக்குகளில் ரத்தம் உலர்ந்துவிடாமல் உடனே அலசி, உட்குழாய் வழியே நீர் பாய்ச்சிக் கழுவ வேண்டும். பெரும்பாலான கருவிகளை இத்தனை அறுவைக்குமேல் இயந்திரமே ஏற்காது என்பதால், எண்ணிக்கை முடிவதற்குள் கவனக்குறைவால் ஒன்று பழுதானால் நேரடி நட்டம். செலவு குறையாததற்கு இதுவும் ஒரு காரணம்.

கற்பிப்பதில் பெரிய லாபம். இயந்திரத்தின் பாவனைக் கருவியில் (சிமுலேட்டரில்) ஆயிரம் தையல் போட்டுவிட்டு வரும் பயிற்சி மருத்துவர், நோயாளியின் உடலில் முதல் தையலைப் போடுகிறார். இரட்டைக் கன்சோல் இருந்தால் ஆசிரியர் பக்கத்திலேயே உட்கார்ந்து, தேவையான கணத்தில் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு வாங்கிக்கொள்ளலாம். அறுவை முழுவதும் பதிவாவதால் மாலையில் போட்டுப் பார்த்துப் பேசலாம். நட்டமும் உண்டு: இரட்டைக் கன்சோல் இல்லாத இடத்தில் பயிற்சி மருத்துவர் வேடிக்கை பார்ப்பவராகிவிடுகிறார். வயிற்றைத் திறந்து கையால் தொட்டுப் பழகும் வாய்ப்பு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறது.

உங்கள் உறவினருக்கு என்ன சொல்வது? இடம் புரோஸ்டேட், நல்ல கையும் பழகிய குழுவும் இருந்தால் ரோபோ நியாயமான தேர்வு. நல்ல திறந்த அறுவை நிபுணர் கிடைத்தாலும் பயப்பட ஒன்றுமில்லை. மருத்துவரிடம் இயந்திரத்தின் மாடலைக் கேட்பதை விட்டுவிட்டு, இந்த அறுவையை இதே இயந்திரத்தில் அவர் இதுவரை எத்தனை முறை செய்திருக்கிறார், அவருடைய நோயாளிகளில் எத்தனை பேருக்கு ஓராண்டுக்குப் பிறகும் சிறுநீர் கசிகிறது என்று கேளுங்கள். அவரோடு நிற்கும் குழு எப்போதும் அதே குழுதானா என்றும் கேளுங்கள். கடைசியாக ஒன்று: "நடுவில் வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால் திறப்பது நீங்களா, வேறு யாராவதா?" நான் மதிக்கும் ஒரு நிபுணரிடம் நோயாளியின் மகன் இதைக் கேட்டபோது அவர் கோபப்படவில்லை. "நான்தான். அதற்கான தட்டு ஒவ்வோர் அறுவைக்கும் அறையிலேயே இருக்கும்" என்றார். பக்கத்தில் நின்ற செவிலியர், தட்டு எந்த மூலையில் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.